மலைக்காட்டையும் அதன் நீரோடைகளையும் வரைபடமாக்குதல்: பொதிகை மலை, தாமிரபரணித் தலைப்பை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சாலையும் செல்பேசிக் கோபுரமும் எல்லைக்கல்லும் இல்லாத மலைக்காட்டை வரைபடமாக்க இறங்குபவருக்கு முதலில் எழும் கேள்வி, எதைப் பிடித்துக்கொண்டு தொடங்குவது என்பதுதான். சமவெளியில் ஒரு கோயில் கோபுரமோ ரயில் பாலமோ கிடைத்தால் போதும். அதைத் தாளிலும் தரையிலும் அடையாளம் கண்டு மற்ற எல்லாவற்றையும் அதனோடு கோத்துவிடலாம். அடர்ந்த சோலைக்குள் நிற்பவருக்கு இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. மலைமுகட்டின் மேலேயே நின்றாலும் அது முகடுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அத்தகைய காட்டில் தாளிலும் தரையிலும் ஒருசேரப் பிடிபடும் அடையாளம் நீர் மட்டுமே என்பதும், குறிப்பாக இரண்டு ஓடைகள் கூடுமிடங்களே வரைபடத்தின் ஆணிகள் என்பதும் இந்த வழிகாட்டியின் அடிப்படை. ஓடைகளை முதலில் சரிசெய்துவிட்டால் முகடுகளும் சரிவுகளும் பெரும்பாலும் தாமாகவே இடத்தில் அமரும்; மாறாக, சமஉயரக் கோடுகளை முதலில் வரைந்துவிட்டு அவற்றின் மேல் ஓடைகளைப் பொருத்த முயன்றால் வேலை இரட்டிப்பாகும்.

எடுத்துக்காட்டாக நாம் கொள்வது அகத்தியமலை என்ற பொதிகை மலையின் கிழக்குச் சரிவு, அதாவது தாமிரபரணி தொடங்கும் தலைப்பு. ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சி தமிழ்நாடு, கேரள எல்லையில் நிற்கிறது. கிழக்கே வழியும் நீர் தாமிரபரணியாகிக் காரையாறு அணையை அடைகிறது. மேற்கே வழியும் நீர் நெய்யாறாகவும் கரமனையாறாகவும் அரபிக்கடலுக்குப் போகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மலை என்பதால் இங்கே ஓடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆண்டு முழுவதும் ஓடுபவை எவை, மழைக்கு மட்டும் ஓடுபவை எவை என்று பிரிப்பதில்தான் சிரமம் இருக்கிறது. முறை எந்த மலைக்கும் பொதுவானது.

முதல் படி: அளவையையும் எல்லையையும் தீர்மானித்தல்

வரைபடம் யாருக்கு என்பதைப் பொறுத்தே அதன் அளவை, அதாவது தாளில் ஓர் அலகு தரையில் எத்தனை அலகு என்ற விகிதம், அமைய வேண்டும். வனக்காவலர் ரோந்துக்கும் நீராய்வுக்கும் 1:25,000 பொருத்தமானது என்பது என் கருத்து. இதற்கு ஒரு கணக்கு உண்டு. தாளில் நம் கண்ணுக்கு ஒழுங்காகப் பிரிந்து தெரியும் அளவு அரை மில்லிமீட்டர் என்று கொண்டால், 1:25,000 அளவையில் அது தரையில் 12.5 மீட்டர், 1:10,000 அளவையில் வெறும் 5 மீட்டர். மரக்கூரையின் கீழ் கைக்கருவி ஜி.பி.எஸ். தரும் பிழையே 5 முதல் 15 மீட்டர் வரை இருக்கும்போது 1:10,000 என்று தலைப்பில் போட்டுக்கொள்வது இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவதாகும். 1:25,000 அளவையில் ஓர் ஏ3 தாளில் ஏறத்தாழ 7 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர் பரப்பு அடங்கும். களத்தில் மடித்துப் பையில் வைக்க அது வசதியான அளவு.

எல்லையைச் சதுரமாக வெட்டக் கூடாது. நீரை இரு பக்கமும் பிரித்துவிடும் மேட்டை, அதாவது வடிநிலத்தின் நீர்ப்பிரிமேட்டையே எல்லையாகக் கொள்ள வேண்டும். காரையாறு அணைக்கு மேலுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் என்று எடுத்துக்கொண்டால், அணையில் சேரும் ஒவ்வொரு துளியும் உங்கள் தாளுக்குள்ளேயே தொடங்கி உங்கள் தாளுக்குள்ளேயே முடிகிறது. இதனால் கிடைக்கும் பயன் சரிபார்ப்பு: எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் ஓடை ஒன்று வரைபடத்தில் இருந்தால் அது உடனே கண்ணில் படும்.

இரண்டாம் படி: அனுமதி

இப்பகுதி 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் அடங்குகிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். கேரளப் பக்கம் இறங்க வேண்டுமானால் அந்த மாநில வனத்துறையிடம் தனியாகப் பெற வேண்டும். ஒரு பக்கத்து அனுமதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு நீர்ப்பிரிமேட்டைத் தாண்டிவிட்டால் அது அத்துமீறல்தான். காட்டுக்குள் எல்லை தெரியவில்லை என்ற விளக்கம் செல்லாது.

வரைபடம் தயாரிப்பதில் முன்பு இருந்த கெடுபிடி இப்போது பெருமளவு தளர்ந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்களின்படி, தடைசெய்யப்பட்ட கூறுகளைத் தவிர்த்து, இந்தியக் குடிமக்களும் நிறுவனங்களும் முன் அனுமதியின்றி வரைபடத் தரவைச் சேகரிக்கலாம், வெளியிடலாம். ஆனால் ட்ரோன் வேறு விவகாரம்: 2021-இன் ட்ரோன் விதிகளோடு வனத்துறையின் சம்மதமும் சேர்ந்தே வேண்டும், புலிகள் காப்பகத்தில் அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே ட்ரோன் இல்லாமலேயே திட்டமிடுவது நல்லது. வெளிநாட்டு மலையேற்ற நூல்களைப் படித்துவிட்டுச் செயற்கைக்கோள் தொலைபேசியையோ செயற்கைக்கோள் வழிச் செய்தியனுப்பும் கருவியையோ வாங்கி எடுத்துச் செல்பவர்களையும் இங்கே எச்சரிக்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறையின் வயர்லெஸ் கருவியோடு வரும் வேட்டைத் தடுப்புக் காவலர் உடனிருப்பதே நடைமுறையில் சாத்தியமான பாதுகாப்பு.

மூன்றாம் படி: மேசை வேலைக்கான தரவுகள்

அடித்தளம் இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட்டுகள், அதாவது மேடுபள்ளங்களையும் ஓடைகளையும் காட்டும் அச்சிட்ட வரைபடத் தாள்கள். பழைய எண்முறையில் இப்பகுதி 58 எச் தாளைச் சேர்ந்தது. இங்கே ஒரு சங்கடம் உண்டு: அகத்தியமலை உச்சி கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகை 15 நிமிடத்துக்குச் சில நூறு மீட்டர் மேற்கே இருப்பதால் 58 எச்/2 தாளின் கிழக்கு விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது; தாமிரபரணி இறங்கும் சரிவு அடுத்த தாளான 58 எச்/6-இல் தொடர்கிறது. இரண்டையும் வாங்கி ஒட்டினால்தான் ஆறு தொடங்குமிடமும் ஓடுமிடமும் சேர்ந்து கிடைக்கும். 1:50,000 அளவையில் 20 மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடுகள் போடப்பட்ட இத்தாள்களில், எந்த ஆண்டு அளக்கப்பட்டது என்ற குறிப்பை முதலில் படிக்க வேண்டும். ஊர்ப்பெயர்களுக்கும் ஓடைப்பெயர்களுக்கும் இவற்றை விட்டால் வேறு கதியில்லை. ஆனாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் சிதைந்துபோன பெயர்களை அப்படியே தமிழாக்கிவிடக் கூடாது. பெயர்களைப் பிறகு இம்மலையின் பழங்குடிகளான காணி மக்களிடம் கேட்டே எழுத வேண்டும்.

அடுத்தது உயர மாதிரி, அதாவது நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் தரும் கணினித் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடார் மூலம் அளந்த எஸ்.ஆர்.டி.எம். தரவும், டான்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள்களிலிருந்து உருவான கோப்பர்னிக்கஸ் தரவும், கார்ட்டோசாட்-1 இரட்டைப் படங்களிலிருந்து இஸ்ரோ உருவாக்கிய கார்ட்டோடெம் தரவும் ஏறத்தாழ 30 மீட்டர் கட்ட அளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் கல்லூரி ஆய்வேடுகளில் அடிக்கடி தென்படும் ஆலோஸ் பால்சார் 12.5 மீட்டர் உயரத் தரவைப் பற்றி ஒரு சொல்: இந்தியப் பகுதிக்கு அது பெரும்பாலும் எஸ்.ஆர்.டி.எம். தரவையே சிறு கட்டங்களாக மறுகூறாக்கியது. கட்டம் சிறிதானால் விவரம் கூடிவிடுவதில்லை. 12.5 என்ற எண்ணைக் கண்டு மயங்கி அதிலிருந்து 5 மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடு எடுப்பவர்களைத் தடுக்க யாராவது ஒரு சட்டம் போட்டால் நல்லது.

இந்தத் தரவுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை, அவை காட்டும் உயரம் தரையின் உயரம் அன்று, மரக்கூரையின் உயரமோ அதற்கும் தரைக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் உயரமோ என்பது. பொதிகையில் சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்து இருக்கும் மேற்பகுதிகளில் இது தெளிவாகத் தெரியும்: சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பில் மாதிரி 15, 20 மீட்டர் சடக்கென்று இறங்குகிறது. தரையில் அங்கே எந்தப் பாறைமுகமும் இல்லை; இறங்கியது மரம்தான். அப்படியே சமஉயரக் கோடு எடுத்தால் இல்லாத செங்குத்துப் பாறை ஒன்று உங்கள் வரைபடத்தில் முளைத்துவிடும். கோப்பர்னிக்கஸ் தரவிலிருந்து மரங்களின் உயரத்தைக் கழித்து பிரிஸ்டல் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபேப்டெம் மாதிரி இதைக் கணிசமாகக் குறைக்கிறது; வணிகப் பயன்பாடு அல்லாதவற்றுக்கு அதிலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். 2018-இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளும், அதே ஆண்டு பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட கெடி என்ற லேசர் கருவியும் மரங்களின் இடைவெளி வழியே தரையைத் தொட்டு அளந்த புள்ளிகள் இருக்கின்றன. அவை தொடர்ச்சியான பரப்பைத் தருவதில்லை. ஆனால் உங்கள் மாதிரி எங்கே எத்தனை மீட்டர் தவறுகிறது என்று மேசையிலிருந்தே காட்டிவிடும்.

நீர்த்தேக்க விளிம்புக்கும் புல்வெளி எல்லைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் போதும். ஆண்டு முழுவதும் மேகம் சூழும் மலை இது. மேகமில்லாத படத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான படங்களைத் தேடுங்கள்.

நான்காம் படி: எல்லாவற்றையும் ஒரே சட்டகத்துக்குக் கொண்டுவருதல்

இந்தப் படியை அவசரமாகக் கடப்பவர்கள்தான் பிறகு மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். பழைய டோப்போ ஷீட்டுகள் எவரெஸ்ட் எலிப்சாய்டை, அதாவது பூமியின் வடிவத்துக்குக் கணிதமாகக் கொண்ட ஒரு நீள்கோளத்தை, அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். கருவிகளும் புதிய தாள்களும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு சட்டகத்தின் அடிப்படையில் அமைந்தவை. இரண்டுக்கும் நம் பகுதியில் கிடைமட்டமாக நூறு மீட்டருக்கும் மேல் விலகல் உண்டு. பழைய தாளின் மூலைகளில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று கொடுத்துவிட்டால், தாளிலுள்ள ஓடை ஒவ்வொன்றும் செயற்கைக்கோள் படத்திலுள்ள ஓடைக்குப் பக்கத்துச் சரிவில் ஓடும். கியூஜிஐஎஸ் மென்பொருளில் தாளைப் பொருத்தும்போது முதலில் அதன் சொந்தச் சட்டகத்தைக் குறித்து, பிறகே உருமாற்ற வேண்டும். உருமாற்றிய பின் அணைச்சுவர், ஆற்று வளைவுகள் போன்ற மாறாத அடையாளங்கள் செயற்கைக்கோள் படத்தோடு ஒன்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மீட்டரில் அளக்க, பூமியைத் தீர்க்கரேகை வழியே மண்டலங்களாகப் பிரிக்கும் யூ.டி.எம். கோட்டுச்சட்டம் வசதியானது. தீர்க்கரேகை 78 பாகையில் 43-ஆம் மண்டலம் முடிந்து 44-ஆம் மண்டலம் தொடங்குகிறது. தாமிரபரணியின் தலைப்பு முழுவதும் 43-இல் அடங்கும். புன்னைக்காயல் கழிமுகம் 44-இல் இருக்கிறது. தலைப்பை மட்டும் வரைபவர் 43 வடக்கு, அதாவது இ.பி.எஸ்.ஜி. 32643 என்ற குறியீட்டை எடுத்துக்கொண்டு இறுதிவரை அதிலேயே நிற்க வேண்டும்.

கிடைமட்டத்தைவிடக் குழப்பம் தருவது உயரம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தருவது கணித எலிப்சாய்டுக்கு மேலான உயரம். நமக்கு வேண்டியது கடல் மட்டத்துக்கு மேலான உயரம், அதாவது ஜியாய்டு என்ற புவியீர்ப்புப் பரப்புக்கு மேலான உயரம். உலகிலேயே ஜியாய்டு மிகவும் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே அது எலிப்சாய்டுக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே. அதற்கு அருகிலிருக்கும் தென் தமிழ்நாட்டிலும் இந்த வேறுபாடு 90 மீட்டரைத் தாண்டுகிறது. அதாவது, 1,868 மீட்டர் உயர உச்சியில் நிற்கும்போது திருத்தம் செய்யாத கருவி 1,770 மீட்டரை ஒட்டிய எண்ணைக் காட்டும். ஐரோப்பாவில் 50 மீட்டரோடு போகிற விஷயம் நமக்கு ஐந்து சமஉயரக் கோடு தள்ளிவிடுகிறது. எஸ்.ஆர்.டி.எம்., கோப்பர்னிக்கஸ், ஃபேப்டெம் மூன்றும் ஜியாய்டு சார்ந்த உயரத்தையே தருகின்றன. கார்ட்டோடெம், ஆலோஸ் பால்சார் இரண்டும் எலிப்சாய்டு உயரத்தைத் தருகின்றன. கடற்கரையோரக் கட்டங்களைத் திறந்து பாருங்கள், மைனஸ் 90-ஐ ஒட்டிய எண்கள் இருந்தால் விடை தெரிந்துவிடும். இரண்டு வகையையும் ஒரே திட்டத்தில் கலக்கும் முன் ஒன்றை மற்றொன்றாக மாற்றியாக வேண்டும்.

ஐந்தாம் படி: கணினியில் ஓடைகளை எடுத்தல்

உயர மாதிரியில் ஒவ்வொரு கட்டத்தின் நீரும் அண்டையிலுள்ள எட்டுக் கட்டங்களில் மிகச் சரிவான ஒன்றுக்குப் போகும் என்று கொண்டு, மேலிருந்து எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறது என்று எண்ணுவதே அடிப்படை முறை. அதற்கு முன் மாதிரியிலுள்ள பொய்க் குழிகளை நீக்க வேண்டும். குழிகளை நிரப்புவதைவிட, தடுக்கும் கரையை வெட்டித் திறப்பது மலைக்காட்டுக்கு ஏற்றது. ஏனெனில் இங்கே பெரும்பாலான பொய்க் குழிகள் இருபுறமும் மரங்கள் ஒன்றுசேர்ந்து ஓடையை மூடியதால் உண்டான அணைகளே. நிரப்பினால் பள்ளத்தாக்கின் அடி தட்டையாகிவிடும்; வெட்டினால் ஓடை தன் தடத்திலேயே நிற்கும்.

எவ்வளவு நீர் சேர்ந்த பிறகு அதை ஓடை என்று சொல்லலாம்? 30 மீட்டர் கட்டத்தில் 300 கட்டம் என்று வைத்தால் 27 ஹெக்டேர். 1,000 கட்டம் என்றால் 90 ஹெக்டேர். இந்த எண்ணுக்கு நூலில் விடை தேடிப் பயனில்லை. 300-இல் தொடங்கி, டோப்போ ஷீட்டில் உள்ள ஓடைத் தலைப்புகளோடு ஒப்பிட்டு ஏற்றியோ இறக்கியோ பார்க்க வேண்டும்; கடைசித் தீர்ப்பு களத்தில்தான். மழை கொட்டும் மேற்பகுதிக்கும் மழைமறைவான கீழ்ச்சரிவுக்கும் ஒரே எண் பொருந்தாது.

கணினிக்குத் தெரிய வாய்ப்பில்லாத மூன்று இடங்களை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது நீர்த்தேக்கம். தட்டையான நீர்ப்பரப்பின் மேல் மென்பொருள் இணைகோடுகளாக ஓடைகளை இழுத்துத் தள்ளும். முழுக் கொள்ளளவு விளிம்பை வரைந்து அதற்குள் உள்ளவற்றை அழித்துவிட வேண்டும். காரையாற்றில் அந்த மட்டம் 143 அடி, சேர்வலாற்றில் 156 அடி. இவை அணைக்கணக்கு அடிகளே தவிரக் கடல் மட்ட உயரங்கள் அல்ல. இரண்டாவது, இவ்விரு நீர்த்தேக்கங்களையும் இணைக்கும் சுரங்கம். மலைக்குள் போகும் நீரை எந்த உயர மாதிரியும் காட்டாது. கையால்தான் வரைய வேண்டும். மூன்றாவது, நீர்ப்பிரிமேட்டிலுள்ள தாழ்ந்த கணவாய்கள். அங்கே இரண்டு பக்கமும் சரிவு மென்மையாக இருப்பதால், ஒரு பக்கம் மரம் ஐந்து மீட்டர் உயர்ந்திருந்தால்கூட அந்த இடத்து நீர் முழுவதையும் கணினி நெய்யாற்றுக்கு அனுப்பிவிடும். மாநில எல்லை பெரும்பாலும் இந்த மேட்டையே ஒட்டிச் செல்வதால் இது சிறு பிழையாக முடிவதில்லை.

ஆறாம் படி: களத்தில்

ஒரே பருவத்தில் வேலையை முடித்துவிட முடியாது. ஜனவரி, பிப்ரவரியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஓடைகளில் நீர் இருந்து, தடமும் நடக்கத்தக்கதாக இருக்கும். ஓடைகளின் இடத்தைப் பதிவுசெய்ய அதுவே காலம். ஏப்ரல் கடைசியில் மீண்டும் போய், அப்போதும் எதில் நீர் ஓடுகிறது என்று பார்த்தால்தான் வற்றாத ஓடை எது என்று தெரியும். டோப்போ ஷீட்டில் நீல நிறக் கோடு நீர் நிற்பதையும் கருப்புக் கோடு வறண்ட தடத்தையும் குறிக்கும். அந்த நீலம் எந்த மாதத்து நீலம் என்பது அளந்தவருக்கே வெளிச்சம்.

கூடுமிடம் ஒன்றில் செய்ய வேண்டிய வேலையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளின் பயன் இதில்தான் இருக்கிறது. பகல் முழுவதும் மூங்கில் போன்ற ஈத்தைக் காட்டுக்குள் வளைந்து நடந்து எடுத்த தடத்தைவிட, கூடுமிடத்தின் நடுவே ஒரு பாறைமேல் கருவியைப் பத்து நிமிடம் வைத்து எடுத்த சராசரிப் புள்ளி மதிப்புடையது. இரண்டு ஓடைகள் சேருமிடத்தில் மரக்கூரை பிளந்து வானம் கொஞ்சம் திறந்திருக்கும் என்பதே காரணம். இரட்டை அதிர்வெண் கொண்ட கருவியாக இருந்தால் பாறையில் மோதி எதிரொலித்து வரும் சைகைகளின் பிழையும் குறையும். நில அளவைத் துறையின் நிலையான நிலையங்களிலிருந்து இணையம் வழியே உடனடித் திருத்தம் பெறும் முறை இங்கே செல்பேசிச் சைகை இல்லாததால் உதவாது. மூலப் பதிவைச் சேமித்துக்கொண்டு வந்து பிறகு திருத்த வேண்டும்.

பிறகு இரண்டு கிளைகளுக்கும் தனித்தனியாக அகலம், சராசரி ஆழம், திசை, படுகையின் தன்மை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். திசையைத் திசைகாட்டியில் எடுத்தால் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள ஓரிரு பாகை வேறுபாட்டைக் கழிக்க மறக்கக் கூடாது. நீரோட்டத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை: நேராக ஓடும் பத்து மீட்டர் நீளத்தை அளந்துகொண்டு, ஒரு காய்ந்த காயையோ தக்கையையோ விட்டு எத்தனை நொடியில் கடக்கிறது என்று சிலமுறை பார்த்துச் சராசரி எடுத்து, மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்பது தோராயமாகக் கிடைக்கும். இரண்டு கிளைகளின் நீரிலும் வெப்பமானியைப் பிடித்துப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடக் குளிர்ந்திருந்தால் அது அருகிலுள்ள சுனையிலிருந்தோ உயரமான சோலையிலிருந்தோ வருகிறது, கோடையிலும் ஓட வாய்ப்பு அதிகம். முதன்மை ஓடை எது, கிளை எது என்பதை நீளத்தை வைத்துத் தீர்மானிப்பதா நீரளவை வைத்துத் தீர்மானிப்பதா என்ற சச்சரவு வரும். காணி மக்கள் எதற்கு ஆற்றின் பெயரைத் தருகிறார்களோ அதுவே முதன்மை என்பது என் நிலைப்பாடு. எப்போது வற்றும் எப்போது வற்றாது என்று தலைமுறைகளாகப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது.

பெயர் கேட்பதற்கும் முறை இருக்கிறது. வரைபடத்தை விரித்து "இது என்ன ஓடை?" என்று கேட்பதில் பயனில்லை. இஞ்சிக்குழி, மயிலாறு போன்ற குடியிருப்புகளைச் சேர்ந்த மூத்தவர் ஒருவரோடு நடந்து, தண்ணீரில் கால் வைத்தபடி, "அண்ணாச்சி, இதை என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்க வேண்டும். ஒரே ஓடைக்கு மேலே ஒரு பெயரும் கீழே ஒரு பெயரும் வரலாம். இரண்டையும் அந்தந்த இடத்திலேயே எழுதுங்கள். கசம், சுனை, பொத்தை, அருவி, துறை என்று அவர்களும் அடிவார ஊர்க்காரர்களும் சொல்லும் பொதுச்சொற்களை மாற்றி "நீர்வீழ்ச்சி", "குன்று" என்று சீராக்கத் தேவையில்லை. ஒரு கசம் என்று எழுதியிருந்தால், அங்கே இறங்கிக் கடக்கக் கூடாத ஆழம் இருக்கிறது என்பது நெல்லைக்காரர் எவருக்கும் புரியும்.

அருவியின் உயரத்தை மாதிரியிலிருந்து எடுக்காதீர்கள். 30 மீட்டர் கட்டத்துக்குள் அது காணாமல் போயிருக்கும். எதிரே கிடைமட்டத் தூரத்தை லேசர் கருவியால் அளந்து, தலைப்புக்கும் அடிக்கும் உள்ள கோணங்களைக் கோணமானியால் எடுங்கள். 40 மீட்டர் தூரத்தில் நின்று தலைப்பு 45 பாகை மேலேயும் அடி 3 பாகை கீழேயும் தெரிந்தால், உயரம் ஏறத்தாழ 42 மீட்டர். பாணதீர்த்தம் போல நீர்த்தேக்கத்தின் தலைப்பில் விழும் அருவிகளில், அளந்த நாளின் அணை நீர்மட்டத்தையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

உயரத்துக்குக் காற்றழுத்தமானி இன்றும் நம்பகமான துணை. ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்த மாற்றம் எட்டொன்பது மீட்டரைக் குறிக்கும் என்பதால், காலையில் உயரம் தெரிந்த இடத்தில் சரிசெய்து, மாலையில் திரும்பி அதே இடத்தில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து அந்த விலகலைப் பகலின் அளவீடுகளுக்குப் பகிர்ந்தால் ஜி.பி.எஸ். உயரத்தைவிட நல்ல விடை கிடைக்கும். 1850-களில் திருவிதாங்கூர் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் ஆலன் புரவுன் இதே அகத்தியமலை உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் காற்றழுத்தத்தையும் புவிக்காந்தத்தையும் பதிவுசெய்தார். அந்தக் கருவிகளை யானைக்காடு வழியே தலைச்சுமையாக ஏற்றியதை நினைத்துக்கொண்டால் இன்றைய முதுகுப்பை கனப்பதாகத் தோன்றாது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: பிற்பகலுக்குமேல் ஓடைப்படுகையில் இருக்காதீர்கள், மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். தெளிந்த நீர் கலங்கி இலைச்சருகு மிதந்து வந்தால் கருவியை எடுக்காமல்கூடக் கரையேறுங்கள். கூட வரும் காவலர் யானை நிற்கிறது என்றால் அன்றைய வேலை முடிந்தது.

ஏழாம் படி: ஓடையையும் சமஉயரக் கோட்டையும் ஒன்றாக்குதல்

கூடுமிடப் புள்ளிகள் வந்தவுடன் கணினி எடுத்த ஓடைகளை அவற்றோடு ஒப்பிடுங்கள். ஒரு கூடுமிடம் 40 மீட்டர் தள்ளியிருந்தால் அந்த ஒன்றை மட்டும் இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போகக் கூடாது. அக்கம்பக்கத்துக் கூடுமிடங்களும் அதே திசையில் தள்ளியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே திசையில் என்றால் கோளாறு சட்டகத்தில். ஒன்று மட்டும் என்றால் அது மரக்கூரையின் வேலை. திருத்திய ஓடைத்தடங்களை மாதிரிக்குள் சில மீட்டர் ஆழத்துக்குச் செதுக்கிவிட்டு, அதன் பிறகே சமஉயரக் கோடுகளை எடுக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு கோட்டையும் கண்ணால் பார்க்க வேண்டிய வேலை. சமஉயரக் கோடு ஓடையைக் கடக்கும் இடத்தில் அதன் கூர்முனை ஓடையின் மேற்புறம் நோக்கியிருக்க வேண்டும். முனை ஓடையின் மேலேயே அமர வேண்டும். முனை ஒருபக்கம் இருக்க ஓடை மறுபக்கச் சரிவில் ஓடினால் இரண்டில் ஒன்று தவறு. ஓடை கீழ்நோக்கிப் போகப்போக ஒவ்வொரு கோட்டையும் ஒருமுறை மட்டுமே கடக்க வேண்டும். அருவியில் கோடுகள் நெருங்கி ஒன்றாகும். அருவிக்கு மேல் அவை விலகியிருக்கும், ஏனெனில் கடினப் பாறை ஓடையை மேலே தட்டையாக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. சோலை விளிம்பின் பொய்ப் பாறைமுகங்களை, களத்தில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு நீக்குவதும் இப்போதே.

எட்டாம் படி: வரைதல்

20 மீட்டர் இடைவெளி, 100 மீட்டருக்கு ஒரு தடித்த கோடு. வற்றாத ஓடைக்கு முழு நீலக்கோடு, பருவ ஓடைக்கு விட்டுவிட்ட நீலக்கோடு; இரண்டு முதல்நிலை ஓடைகள் கூடினால் இரண்டாம் நிலை என்ற ஸ்ட்ராலர் வரிசைப்படி தடிமனைக் கூட்டுங்கள். மலைநிழலுக்கான ஒளி வடமேற்கிலிருந்து விழட்டும். தெற்கிலிருந்து போட்டால் பள்ளத்தாக்கு முகடாகவும் முகடு பள்ளத்தாக்காகவும் கண்ணை ஏமாற்றும். ஓடைப்பெயரை நீரோட்டத்தின் வளைவோடு, நீல எழுத்தில், ஓடைக்கு மேற்பக்கமாக எழுதுங்கள்.

எதை விடுவது என்பதும் வரைபவரின் பொறுப்பு. பொதிகைக்கே உரிய ட்ரூரி செருப்பு ஆர்கிட் சேகரிப்பாளர்களால் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட செடி. அது இருக்குமிடத்தை வெளியீட்டில் குறிப்பது அதைக் கொன்றதற்குச் சமம். ஆரோக்கியப்பச்சை போன்ற மருந்துச்செடிகள் வளருமிடம், காணி மக்களின் வழிபாட்டிடங்கள், புலி, யானை நீரருந்தும் துறைகள் ஆகியவையும் அப்படியே. இவற்றைத் தனி அடுக்கில் வைத்து, வனத்துறைக்கும் குடியிருப்பு மக்களுக்கும் மட்டும் கொடுங்கள்.

ஒன்பதாம் படி: துல்லியத்தைச் சொல்லுதலும் புதுப்பித்தலும்

களத்தில் எடுத்த புள்ளிகளில் ஒரு பகுதியைத் திருத்தத்துக்குப் பயன்படுத்தாமல் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள். வரைபடம் முடிந்தபின் அவற்றோடு ஒப்பிட்டு, கிடைமட்டப் பிழையையும் உயரப் பிழையையும் பிழைகளுடைய வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்துக் கணக்கிட்டு ஓரத்தில் அச்சிடுங்கள். திருத்தப் பயன்பட்ட புள்ளிகளாலேயே சோதித்தால் விடை எப்போதும் இனிப்பாகத்தான் வரும். நடந்து பார்த்த ஓடை, கணினி மட்டும் காட்டிய ஓடை என்ற வேறுபாட்டையும் குறியீட்டில் காட்டுங்கள். பெரும்பாலான வரைபடங்கள் இதை மறைக்கின்றன, பயன்படுத்துபவருக்கு இதுதான் முதலில் தெரிய வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. அத்தகைய மழைக்குப் பிறகு வரைபடம் முழுவதையும் மறுபடி அளக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக இருக்கின்றன. நீர்த்தேக்கத்தின் தலைப்பில் ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய மணல்திட்டு முதலாவது, சரிவு குறையும் இடங்களிலுள்ள கூடுமிடங்கள் இரண்டாவது, ஏனெனில் பாறைக்கட்டுக்குள் அடங்கிய கூடுமிடம் நகராது, கூழாங்கல் படுகையிலுள்ளதே நகரும், கடவுத்துறைகள் மூன்றாவது. மழைக்கு முந்திய, பிந்திய சென்டினல்-2 படங்களை ஒப்பிட்டால் புதிதாகச் சரிந்த மண்ணின் செந்நிறம் பச்சைக்கு நடுவே தெரியும். அவற்றுக்குக் கீழேயுள்ள ஓடைகளை அடுத்த ஜனவரிப் பயணத்தின் பட்டியலில் முதலில் சேர்த்து, வரைபடத்தின் மூலையில் திருத்தத் தேதியை மாற்றி, பழைய பதிப்பையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.